லைசென்ஸ் உள்ள துப்பாக்கியின் பிரயாணம்

வண்ணாரப்பேட்டையிலுள்ள ஒரு பார்சல் ஆபீஸுக்கு ஒருவர் நீண்ட மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டாளத்தில் சேவை செய்து ஓய்வு பெற்றவர். வெகுகாலம் ராயபுரத்தில் குடியிருந்துவிட்டு, இப்பொழுது தேனிப் பக்கத்திலுள்ள பூர்விகத் தோட்டத்தில் போய்த் தங்க நிச்சயித்திருக்கிறார். கட்டில், பீரோ, பாத்திரங்களெல்லாம் லாரியில் ஏறிவிட்டன. மிஞ்சியிருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதற்குள் இருப்பது அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி. முறைப்படி லைசென்ஸ் பெற்று, முறைப்படி புதுப்பித்து, எலெக்ஷன் வந்தபோதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய துப்பாக்கி அது. குமாஸ்தா, “என்ன சாமான்?” என்று கேட்கிறார். உள்ளதைச் சொன்னால், “அதெல்லாம் நாங்கள் எடுப்பதில்லை, ஐயா” என்று பதில் வரும். “இரும்புச் சாமான்” என்று ஒரு பொய்யைச் சொன்னாலோ, பெட்டி அன்று இரவே வண்டி ஏறிவிடும்.

மெய் சொல்லுகிறவனுக்கு வழி அடைபட்டும், பொய் சொல்லுகிறவனுக்கு வழி திறந்தும் இருக்கும் நிலைமை எந்தத் தேசத்துச் சட்டத்திற்கும் கௌரவம் தரக்கூடியதல்ல. இவ்விஷயம் ஒரு சிலரைப் பொறுத்ததுதானே என்று அலட்சியமாக விட்டுவிடலாகாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் வருஷத்தில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்று முதல் இன்றுவரை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள இந்தக் கடலோரப் பகுதி மூட்டை தூக்கிப் பிழைக்கிற பகுதியாகவே இருந்துவருகிறது. கட்டிய மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இங்குள்ள தொழிலாளிக்கு இருக்கும் அக்கறை, கோட்டையில் உட்கார்ந்து விதிகளை எழுதும் உத்தியோகஸ்தருக்கு இருக்கும் அக்கறையைவிடக் குறைந்ததல்ல. அவன் உயிரும் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

ஆயுதச் சட்டத்தின் பூர்வோத்தரத்தை நமது வாசகர்கள் அறிவார்கள். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-ம் வருஷத்தில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஜனங்களின் கையைக் கட்டியது. இரண்டாவது சட்டத்தின்கீழ் இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. ஐரோப்பியனுக்கோ விதிகளின் மூலம் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டத்தின் பிரதான தோஷம் ஆயுதத்தைக் கட்டுப்படுத்தியதல்ல. எந்த நாகரிக சர்க்காரும் ஆயுதத்தைக் கட்டுப்படுத்தவே செய்யும். பிரஜை ஒவ்வொருவனையும் முன்கூட்டியே குற்றவாளியாகப் பாவித்ததுதான் அதன் தோஷம். ஆகவேதான் அஹிம்ஸையையே விரதமாகக் கொண்ட மகாத்மா காந்தியும் 1930-ம் வருஷத்தில் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், ஜனங்களின் மேற்பார்வைக்குட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் அளிக்கவேண்டும் என்பதையும் ஒன்றாகச் சேர்த்தார். அடுத்த வருஷம் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம் பெற்றது.

சுயராஜ்யம் வந்த பிறகு, 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கும்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. அந்த முடிவு சரியானதே என்பது நமது அபிப்பிராயம். ஆயுதம் வைத்திருப்பது பிறப்புரிமையாக இல்லாமல், பொறுப்பு உள்ளவருக்குச் சட்டம் அளிக்கும் அனுமதியாகவே இருக்கவேண்டும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்த அடிப்படையின் மேல்தான் கட்டப்பட்டது. லிட்டன் சட்டம் ரத்தாகி, 1962 அக்டோபர் முதல் புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஆனால் அனுமதி அளித்த சர்க்கார், அந்த அனுமதியைப் பெற்றவன் தன் பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுபோகும் வழியையும் தெளிவாகக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமைதான் இன்னும் பாதியில் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். லைசென்ஸ்தாரர் தாமே தம் துப்பாக்கியைக் கையில் கொண்டுபோவதில் பெரிய சிக்கலில்லை. லைசென்ஸ் எந்தப் பிரதேசம் வரையில் செல்லும் என்று அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையைத் தாண்டவேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். குடியிருப்பையே மாற்றுகிறவர் பழைய ஊர் அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் தெரிவிக்கவேண்டும். சென்னையில் லைசென்ஸ் அதிகாரி போலீஸ் கமிஷனர், ஜில்லாக்களில் கலெக்டர். சட்டத்தின் 3-வது பிரிவு மற்றொரு சௌகரியத்தையும் செய்திருக்கிறது. ரிப்பேருக்காகவோ, லைசென்ஸைப் புதுப்பிப்பதற்காகவோ, சொந்தக்காரரின் உபயோகத்திற்காகவோ, அவர் முன்னிலையில் அல்லது அவர் எழுதிக்கொடுத்த அதிகாரத்தின்பேரில், லைசென்ஸ் இல்லாத மற்றொருவரும் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். வயோதிகத்தால் நடமாட முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்த எழுத்து கையில் இல்லாமல் எடுத்துச் செல்லும் மகனோ மருமகனோ ஆயுதச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகிவிடுவான் என்பதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கின்றன? 2019-ம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பவனுக்கும் எடுத்துச் செல்பவனுக்கும் தண்டனை குறைந்தது 2 வருஷம்; 5 வருஷம் வரையிலும் போகலாம்.

விற்பதற்கும் முறை உண்டு. சொந்த உபயோகத்திற்காக வைத்திருந்த துப்பாக்கியை, அதை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால் வாங்குகிறவரின் பெயரையும் விலாசத்தையும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்றவேண்டும். மேற்படி 2019 திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒரு வருஷத்திற்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் சொல்லிற்று. தேசமெங்கும் பல துப்பாக்கிகள் வீட்டை விட்டுப் புறப்படவேண்டிய காலம் அது. புறப்படு என்று உத்தரவிட்ட சட்டம், எப்படிப் புறப்படுவது என்பதை யாவருக்கும் விளங்கும்படி சொல்லியிருக்கலாம் அல்லவா?

சொந்தக்காரர் கூடவே போகாமல், துப்பாக்கியை மட்டும் சரக்காக ஒப்படைப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. எந்த வகை ஆயுதங்களைத் தனி லைசென்ஸ் இல்லாமல் போக்குவரத்துச் செய்யக்கூடாது என்பதை அறிவிக்கை மூலம் விதிக்க, 12-வது பிரிவு மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஆகவே, கைவசமுள்ள லைசென்ஸே போதும் என்று எண்ணிப் பெட்டியை லாரியில் போடுவது அபாயம். முதலில் லைசென்ஸ் அதிகாரிக்கு மனுச் செய்து, எழுத்து மூலமான பதிலைக் கையில் வைத்துக்கொண்டே காரியத்தில் இறங்கவேண்டும். அல்லது லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரி மூலம் அனுப்பி, அவ்வூரிலுள்ள மற்றொரு வியாபாரியிடம் சேர்க்கச் செய்வது நலம். வியாபாரிக்குக் கணக்குப் புஸ்தகம் உண்டு. வந்ததும் போனதும் அதில் ஏறும்.

சாமானை ஏற்றிச் செல்லும் கம்பெனிகளுக்கும் சட்டம் உண்டு. 1865-ம் வருஷத்துப் பழைய சட்டம் போய், 2011 மார்ச் முதல் 2007-ம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி லாரிக் கம்பெனி பதிவு பெற்றிருக்கவேண்டும். சாமானை அனுப்புகிறவர் அதன் மதிப்பையும், அது மனித உயிருக்கு ஆபத்தானதா என்பதையும் எழுத்தில் வெளியிட வேண்டும். எழுதியது மெய் என்பதற்கு அவரே பொறுப்பாளி. சாமான் காணாமற் போனால், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்காடலாம். “இரும்புச் சாமான்” என்று எழுதிக் கொடுத்தவன், காணாமற் போன துப்பாக்கிக்கு எந்த முகத்தோடு நஷ்டஈடு கேட்பான்? நஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தொலைந்த துப்பாக்கி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அவன் போலீஸாரிடம் என்ன பதில் சொல்லுவான்? ஒரு சிறு பொய், லைசென்ஸ்தாரரையும் திருட்டு ஆயுதக்காரனையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்துவிடும்.

தோட்டா விஷயம் இன்னும் கடுமையானது. தோட்டா வெடிமருந்துப் பொருள்; தபாலில் அனுப்ப அதற்கு இடமே கிடையாது. ரயிலில் அபாயகரமான சரக்கை அனுப்புகிறவர் முன்கூட்டி எழுத்து மூலம் தெரிவித்து, பெட்டியின் மேலும் குறிப்பிடவேண்டும் என்று 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் சொல்லுகிறது. தவறினால் 3 வருஷம் வரை சிறை உண்டு. ஆகாய விமானத்தில் துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாவைப் பிரித்துக் கட்டி, கவுண்டரில் லைசென்ஸைக் காட்டி, சாமான் அறையில் போடும்படி ஒப்படைக்க வேண்டும். தோட்டாவின் எடை ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பது சர்வதேச விதி. இவற்றையெல்லாம் வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்கள் 1944 ஏப்ரல் 14-ந் தேதியை நினைவுகூரட்டும். அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் பஞ்சு மூட்டைகளையும் வெடிமருந்தையும் ஒருங்கே சுமந்துகொண்டு நின்றது. அபாயச் சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடிகூட அதன்மேல் ஏற்றப்படவில்லை. பஞ்சில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டியபோது நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்டன, துறைமுகம் நாசமாயிற்று. மாண்டவர்களில் மூட்டை தூக்கப் போன ஏழைகள் எத்தனையோ பேர். யுத்த காலத்துச் சரக்கையும் ஒரு மனிதரின் தோட்டாப் பெட்டியையும் சமமாக நாம் சொல்லவில்லை. உள்ளே இருப்பதை மறைத்தால் அதன் விலையைச் சுமப்பவன் தொழிலாளியே என்பதுதான் நாம் சொல்லவந்தது.

தொழிலாளியின் மேல் சட்டமும் ஒரு பாரத்தை வைத்திருக்கிறது. ரயில், கப்பல், விமானம், வண்டி எதில் வேலை செய்பவரானாலும், வழியிலுள்ள பெட்டியிலோ மூட்டையிலோ சட்டவிரோதமான ஆயுதம் இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் ஏற்பட்டால், அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 36-வது பிரிவு கட்டளையிடுகிறது. நியாயமான கட்டளைதான். ஆனால் எது சட்டவிரோதம், எது சட்டபூர்வம் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பார்சல் ஆபீஸின் சுவரில் பீடி பிடிக்கக்கூடாது என்ற அறிவிப்பு இருக்கிறது. இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வரியும் தமிழில் ஒட்டி நாம் கண்டதில்லை. தெரியாதவனிடம் கடமையை எதிர்பார்ப்பதும், பிறகு அவனையே தண்டிக்க முற்படுவதும் அந்நிய ஆட்சியின் வழக்கம். சுதந்திர சர்க்காருக்கு அது தகாது.

வழியைத் திறந்தால் கள்ள ஆயுதம் பெருகிவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். சரித்திரம் வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. 1914 ஆகஸ்ட் 26-ந் தேதி கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்திருந்த 202 பெட்டிகளைக் கம்பெனியின் குமாஸ்தா ஒருவரே சுங்கச் சாவடியிலிருந்து விடுவித்தார். கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தவை 192. மீதிப் பத்துப் பெட்டிகள், 50 மௌஸர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களுமாக, மாட்டு வண்டியில் வேறு வழி போயின. வங்கத்துப் புரட்சி வாலிபர்களின் தேச பக்தியைப் பற்றி நாம் ஐயுறவில்லை. ஆனால் சரக்கைக் காபந்து செய்பவர்கள் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சரக்குக்கு லைசென்ஸ் இருந்தது, ரசீது இருந்தது, சுங்க முத்திரையும் இருந்தது. புறப்பட்ட எண்ணிக்கையையும் சேர்ந்த எண்ணிக்கையையும் அன்றே ஒத்துப்பார்க்கும் கண் ஒன்றுதான் இல்லை. சாமானை ஏற்க மறுப்பதால் காவல் ஏற்படுவதில்லை. இரு முனையிலும் கணக்கு வைப்பதால்தான் ஏற்படுகிறது.

காகிதம் ஒரு கரையில் செல்லுபடியாகி, மறு கரையில் செல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு நமது தமிழ்நாட்டுக் கடலே சாட்சி. 2013 அக்டோபர் 12-ந் தேதி, கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பலை நமது கடலோரக் காவற்படை தடுத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கப்பலில் 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள். ஆயுதங்கள் முறையானவை என்று அவர்கள் வாதித்தார்கள். 2014-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை நீக்கியது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு விசாரணை நடக்கவேண்டும் என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடிக் கோர்ட்டு ஐந்து வருஷ தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை விடுதலை செய்தது. அவர்களில் ஆறு பிரிட்டிஷ்காரர்கள், வண்ணாரப்பேட்டைக்கு வெகுதூரமில்லாத புழல் சிறையில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நமது கடற்கரையைக் காப்பவர்கள் ஆயுதக் கப்பலைத் தடுத்தது முற்றிலும் சரி. ஆனால் ஒரே விஷயத்தில் நான்கு வருஷத்தில் நான்கு விதமான முடிவுகள் ஏற்பட்டன என்றால், விதி எவ்வளவு மங்கலாயிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டாமா?

துப்பாக்கிக்குப் பேர் போன அமெரிக்காவிலிருந்து நாம் கற்கவேண்டியது அதிகமில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சிறிது உண்டு. 1963-ல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, சிக்காகோ கடையொன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் தருவிக்கப்பட்டது. அதன்பின் 1968-ம் வருஷத்துச் சட்டம், தனி மனிதர் வேறு ராஜ்யத்துத் தனி மனிதருக்கு நேராகத் துப்பாக்கி அனுப்புவதைத் தடுத்தது; லைசென்ஸ் பெற்ற வியாபாரி மூலமே அது போகவேண்டும். லைசென்ஸ் இல்லாதவருக்குப் போகும் துப்பாக்கியைக் கம்பெனியிடம் ஒப்படைக்கையில் எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும். 1993-ல் வந்த பிராடி சட்டம் இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்தது. பெட்டியின் வெளிப்புறத்தில் துப்பாக்கி என்று காட்டும் சீட்டை ஒட்டும்படி கம்பெனி கேட்கக்கூடாது. பெற்றுக்கொள்பவரிடம் கையெழுத்து வாங்காமல் பெட்டியைக் கொடுக்கவும் கூடாது. குமாஸ்தாவுக்குத் தெரியவேண்டும், வழிப்போக்கனுக்குத் தெரியவேண்டாம் என்ற இந்த எளிய யுக்தியில் திருடனுக்கும் இடமில்லை, பொய்க்கும் இடமில்லை.

நாம் கோருவது பெரிய சீர்திருத்தமொன்றுமல்ல. லைசென்ஸ்தாரர் தம் துப்பாக்கியைச் சரக்காக அனுப்புவதற்கான முறையை மத்திய சர்க்கார் ஒரே பக்கத்தில், தமிழ் உள்ளிட்ட தேச பாஷைகளில் வெளியிடட்டும். அதை ஒவ்வொரு பார்சல் ஆபீஸிலும் ரயில்வே புக்கிங் ஆபீஸிலும் ஒட்டட்டும். அனுப்புகிறவர் லைசென்ஸ் நகலையும், துப்பாக்கியின் நம்பரையும், தேசியப் பதிவேட்டில் தமக்குள்ள தனி எண்ணையும் கொடுக்கட்டும். தோட்டா அதே பெட்டியில் கண்டிப்பாக இருக்கக்கூடாது. புறப்படும் ஊர்ப் போலீஸுக்கும் சேரும் ஊர்ப் போலீஸுக்கும் ஒரே தகவல் போகட்டும். சேருமிடத்தில் லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போட்டவரிடமே பெட்டி கொடுக்கப்படட்டும். ஏற்க விரும்பாத கம்பெனி மறுக்கலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, விதிப்படி வெளிப்படுத்தப்பட்ட பெட்டியைத் தூக்கிய தொழிலாளி மேல் எந்தக் குற்றமும் சாராது என்பது ஸ்பஷ்டமாக எழுதப்படட்டும்.

இதுவரையில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய புத்திமதி சுருக்கமானது. கூடியவரையில் உங்கள் பொருளை நீங்களே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் விடுங்கள். இரண்டும் இயலாவிட்டால் அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவுக்காகப் பொறுத்திருங்கள். நாட்கள் ஆகலாம், அலைச்சல் ஏற்படலாம். “இரும்புச் சாமான்” என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டியை முதுகில் சுமக்கப்போகிற வண்ணாரப்பேட்டைத் தொழிலாளிக்கு அது நீங்கள் செய்யும் துரோகமாகும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஜனங்களை நம்பாத ஆட்சி லிட்டன் பிரபுவோடு போய்விட்டது என்று நாம் பெருமை பேசிக்கொள்ளுகிறோம். அது மெய்யானால், மெய் சொல்லுகிறவன் பார்சல் ஆபீஸ் வாயிலிலிருந்து பெட்டியோடு திரும்பி வீட்டுக்குப் போகும்படி விடக்கூடாது.